குதிரைக்கு விடை சொன்னது யார்?

பெர்லின் நகரின் வடபகுதியில், உயரமான குடியிருப்புகள் சூழ நின்ற கல்பாவிய முற்றம் ஒன்று. 1904ஆம் ஆண்டு அங்கே நண்பகல் வேளைகளில் கூட்டம் சேரும். வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்ற முதிய கணக்கு ஆசிரியர் தம் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துவார். ஐந்தும் மூன்றும் எவ்வளவு என்று கேட்பார். ஹான்ஸ் என்ற அந்தக் குதிரை முன்காலால் தரையை எட்டு முறை தட்டிவிட்டு நிறுத்தும். பின்னக் கணக்குக்கும் விடை தட்டும். மாதத்தின் எட்டாம் தேதி செவ்வாய் என்றால் அடுத்து வரும் வெள்ளி எத்தனாம் தேதி என்று கேட்டால் பதினொன்று தட்டும். எழுத்துகளுக்கு எண் கொடுத்த பலகையைப் பார்த்து ஜெர்மன் சொற்களை எழுத்துக்கூட்டும்.

பார்க்க வந்தவர்களிடம் ஆஸ்டன் காசு வாங்கவில்லை. பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலக் கரும்பலகையும் மணிச்சட்டமும் வைத்து நான்கு ஆண்டுகள் பொறுமையாகக் கற்பித்தவர் அவர். தம் குதிரை உண்மையிலேயே கணக்குப் படித்துவிட்டது என்று மனதார நம்பினார்.

தெருவில் பூம்பூம் மாட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இதைக் கேட்டவுடன் எங்கோ ஒரு கயிறு இருக்க வேண்டும் என்று தோன்றும். மாட்டுக்காரர் கேட்பார், மாடு தலையாட்டும், கயிறு அவர் கையில் இருக்கும். பெர்லினிலும் பலர் கயிற்றைத்தான் தேடினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பதின்மூன்று பேர் கொண்ட ஒரு குழு குதிரையைச் சோதித்தது. தலைமை தாங்கியவர் பெர்லின் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் கார்ல் ஷ்டும்ஃப். சர்க்கஸ் நடத்துபவர், விலங்குக்காட்சிச் சாலையின் இயக்குநர், குதிரைப்படை அதிகாரி, கால்நடை மருத்துவர், பள்ளி ஆசிரியர்கள் என்று குதிரையையும் வித்தையையும் அறிந்தவர்கள் அதில் இருந்தார்கள். ஆஸ்டன் இல்லாதபோது மற்றவர்கள் கேட்டாலும் குதிரை சரியாகத் தட்டியது. ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று குழு எழுதிக் கொடுத்தது.

அவர்கள் எழுதியது உண்மைதான். அங்கே ஏமாற்று இல்லை. குழுவின் குறை அது கேட்ட கேள்வியில் இருந்தது. இது மோசடியா என்று மட்டும் கேட்டால், ஆம் அல்லது இல்லை என்ற இரண்டு விடைகளே வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய நிலம் இருக்கிறது. யாரும் பொய் சொல்லாமலேயே எல்லோரும் தவறாக நம்பக்கூடிய நிலம் அது. உளவியல் சோதனையின் விதிகள் பெரும்பாலும் அந்த நிலத்துக்காக எழுதப்பட்டவை. பொய்யரைக் கண்டுபிடிக்கச் சர்க்கஸ்காரரின் கண் போதும். நேர்மையான மனிதரின் ஆசை முடிவைச் சாய்த்துவிடாமல் காக்க, சோதனையின் அமைப்பே வேறாக இருக்க வேண்டும். கருதுகோள், மாறி, கட்டுப்பாட்டுக் குழு என்று பாடப்புத்தகத்தில் வறட்சியாகத் தெரியும் சொற்களை நான் எப்போதும் இந்தக் குதிரையின் பக்கத்தில் வைத்தே புரிந்துகொள்கிறேன்.

தோற்க வழியுள்ள கூற்று

குழு கலைந்த பிறகு வேலை ஷ்டும்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்டின் கைக்கு வந்தது. அவர் முதலில் செய்தது கேள்வியை மாற்றியது. ‘குதிரைக்குக் கணக்குத் தெரியும்’ என்பது ஒரு நம்பிக்கை. அதை அப்படியே வைத்துக்கொண்டு சோதிக்க முடியாது, ஏனென்றால் அது தோற்பதற்கு வழியே இல்லை. குதிரை சரியாகத் தட்டினால் அறிவு. தவறாகத் தட்டினால், இன்று ஹான்ஸுக்கு மனநிலை சரியில்லை, பிடிவாதம் பிடிக்கிறது என்பார் ஆஸ்டன். எந்த விடை வந்தாலும் நம்பிக்கை பிழைத்துக்கொள்ளும்.

ஃபுங்ஸ்ட் அந்த நம்பிக்கையிலிருந்து தோற்கக்கூடிய ஒரு கூற்றைப் பிரித்தெடுத்தார். குதிரை தானே கணக்குப் போடுகிறது என்றால், கேட்பவருக்கு விடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது சரியாகத் தட்ட வேண்டும். கேட்பவரிடமிருந்துதான் விடை வருகிறது என்றால், அவருக்குத் தெரியாதபோது குதிரை திணற வேண்டும். இப்போது இரண்டு கூற்றுகளும் எதிரெதிராக நிற்கின்றன. எது வென்றாலும் மற்றது விழும். கருதுகோள் என்பது இதுதான். இன்னது செய்தால் இன்னது நடக்கும், நடக்காவிட்டால் நான் சொன்னது தவறு என்று சோதனைக்கு முன்பே ஒப்புக்கொள்ளும் கூற்று.

எண் எழுதிய அட்டைகளைக் கொண்டு சோதனை நடந்தது. ஒரு வகைச் சுற்றில் கேட்பவர் அட்டையைப் பார்த்துவிட்டுக் குதிரைக்குக் காட்டினார். இன்னொரு வகையில், தாம் பார்க்காமலேயே குதிரைக்குக் காட்டினார். கேட்பவர் பார்த்திருந்த சுற்றுகளில் ஹான்ஸின் விடைகளில் 98 விழுக்காடு சரி. பார்க்காத சுற்றுகளில் 8 விழுக்காடு சரி.

அந்த 8 விழுக்காடு எங்கிருந்து வந்தது? குருட்டாம்போக்கில் தட்டினாலும் சில தடவை சரியாக அமைந்துவிடும். இங்கேதான் இன்மைக் கருதுகோள் என்ற இன்னொரு சொல் தேவைப்படுகிறது. நாம் தேடும் விளைவு இல்லவே இல்லை, எல்லாம் தற்செயல் என்று வைத்துக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். கிடைத்தது அதைவிட எவ்வளவு விலகி நிற்கிறது என்று பிறகு பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் இதை ஒரு தேநீர்க் கதையால் விளக்கினார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு பெண். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், வரிசை குலுக்கலில் முடிவானது. எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. அந்தத் திறமை இல்லாத ஒருவர் வெறும் ஊகத்தில் நான்கையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்புதான். வாய்ப்பு அவ்வளவு அரிது என்பதால், அவர் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னால் வெறும் ஊகம் என்ற விளக்கத்தைக் கைவிடத் தயாராகிறோம். அவருக்குத் திறமை உண்டு என்று நிரூபித்துவிட்டதாக அர்த்தமில்லை. இந்த நுணுக்கத்தைச் செய்தித்தாள் தலைப்புகள் கிட்டத்தட்ட ஒருபோதும் சொல்வதில்லை.

மாற்றுவதும் அளப்பதும்

ஃபுங்ஸ்டின் சோதனையில் அவர் வேண்டுமென்றே மாற்றியது ஒன்றே ஒன்று, கேட்பவருக்கு விடை தெரியுமா தெரியாதா என்பது. இதைச் சாரா மாறி என்கிறோம், ஆய்வாளர் தம் கையால் மாற்றுவது. குதிரை சரியாகத் தட்டிய விழுக்காடு சார்ந்த மாறி, மாற்றியதன் விளைவாக மாறுகிறதா என்று அளப்பது. மற்றவை எல்லாம், அதே குதிரை, அதே முற்றம், அதே அட்டைகள், இரண்டு வகைச் சுற்றுகளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அட்டையைப் பார்க்காத சுற்றுகளை மட்டும் மாலை இருட்டில் நடத்தியிருந்தால், 8 விழுக்காட்டுக்குக் காரணம் இருட்டா அறியாமையா என்று யாராலும் சொல்ல முடியாது.

மனிதர்களிடம் வரும்போது வேலை கூடுதல் சிக்கலாகிறது, ஏனென்றால் நினைவு, அச்சம், அன்பு எதையும் அளவுகோல் வைத்து அளக்க முடியாது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் வெளியிட்ட ஆய்வை இதற்கு எடுத்துக்கொள்வேன், அதன் எளிமைக்காகவே. 45 மாணவர்களுக்குக் கார் விபத்துகளின் ஏழு படத்துண்டுகளைக் காட்டினார்கள். பிறகு கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று எழுதச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே படம், ஒரே கேள்வி, கேள்விக்குள் ஒரு வினைச்சொல் மட்டும் வேறு. ஒரு குழுவுக்குக் கார்கள் ஒன்றையொன்று ‘மோதி நொறுக்கியபோது’ என்ற பொருளில். இன்னொன்றுக்கு ‘இடித்தபோது’. மற்றொன்றுக்கு ‘தொட்டபோது’ என்ற அளவில். இப்படி ஐந்து குழுக்கள், ஐந்து சொற்கள். ‘நொறுக்கிய’ குழுவின் சராசரி மதிப்பீடு மணிக்கு 40.8 மைல். ‘தொட்ட’ குழுவினுடையது 31.8.

நினைவு கேள்வியால் மாறிவிடுகிறது என்று இதிலிருந்து சொல்லிவிடலாமா? அவசரப்படாததுதான் இந்த ஆய்வாளர்களின் சிறப்பு. தங்கள் முடிவுக்கே அவர்கள் ஒரு போட்டி விளக்கத்தை முன்வைத்தார்கள். முப்பதா நாற்பதா என்று தடுமாறும் ஒருவரைச் ‘நொறுக்கிய’ என்ற சொல் நாற்பதின் பக்கம் தள்ளியிருக்கலாம். நினைவில் இருக்கும் காட்சி அப்படியே இருக்க, எழுதிய எண் மட்டும் நகர்ந்திருக்கலாம். இதைப் பிரித்தறிய இரண்டாவது சோதனை. இம்முறை 150 பேர், ஐம்பது ஐம்பதாக மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு ‘நொறுக்கிய’, ஒரு குழுவுக்கு ‘இடித்த’, மூன்றாவது குழுவிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. இந்த மூன்றாவதுதான் கட்டுப்பாட்டுக் குழு. ஒரு வாரம் கழித்து எல்லோரிடமும், உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடி இல்லை. ‘நொறுக்கிய’ குழுவில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். ‘இடித்த’ குழுவில் 7 பேர். கட்டுப்பாட்டுக் குழுவில் 6 பேர்.

அந்த ஆறு பேரைக் கவனியுங்கள். அவர்கள் இல்லாவிட்டால் 16 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எதுவும் செய்யாமல் விட்டாலும் ஐம்பதில் ஆறு பேர் இல்லாத கண்ணாடியைப் பார்த்ததாகச் சொல்வார்கள் என்று தெரிந்த பிறகுதான், பதினாறு என்பது கூடுதல் என்றும் ஏழு என்பது ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடிகிறது. ‘இந்த லேகியம் சாப்பிட்ட நூறு பேரில் எழுபது பேருக்குச் சளி பத்து நாளில் போய்விட்டது’ என்று யாராவது சொன்னால் நாம் கேட்க வேண்டியதும் இந்த மூன்றாவது குழுவைத்தான். சாப்பிடாத நூறு பேருக்கு என்ன ஆயிற்று?

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது

ஆய்வாளர் எதையும் மாற்றாமல், உலகில் நடப்பதை மட்டும் அளந்து பார்க்கும் ஆய்வுகளும் உண்டு. அவற்றில்தான் குழப்பும் மாறிகள், அதாவது காரணம் என்று நாம் நினைப்பதையும் விளைவையும் சேர்த்தே பாதிக்கும் வேறு காரணிகள், அதிகம் புகுகின்றன. மிட்டாய்ச் சோதனையை அறியாதவர்கள் குறைவு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் நடத்தியது. குழந்தையின் முன் ஒரு இனிப்பை வைத்துவிட்டு, நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அதிக நேரம் காத்திருந்த குழந்தைகள் படிப்பில் மேலாக இருந்தார்கள் என்று 1990இல் வெளியான தொடராய்வு சொன்னது. அதன் பிறகு எத்தனை பெற்றோர் தங்கள் பிள்ளையின் முன் இனிப்பை வைத்துப் பார்த்துக் கவலைப்பட்டார்களோ தெரியாது. பொறுமைதான் வெற்றியின் விதை என்று மேடைதோறும் பேசினார்கள்.

ஆனால் அந்தக் குழந்தைகள் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை யாரும் குலுக்கல் போட்டு ஒதுக்கவில்லை. அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பொறுமை அது. வீட்டில் வேறென்ன இருந்தது? 2018இல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹானன் குவான் ஆகியோர் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். தாய் கல்லூரிப் பட்டம் பெறாத குடும்பங்களும் அதில் நிறைய இருந்தன. காத்திருப்புக்கும் பதினைந்து வயதுச் சாதனைக்கும் உள்ள தொடர்பு, முதல் ஆய்வு சொன்னதில் பாதியளவே இருந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், சிறுவயது அறிவுத்திறன் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தபோது, இருந்ததிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது. இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு வருத்தமும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. வசதியின் விளைவைக் குழந்தையின் குணமாக எழுதி வைப்பது எவ்வளவு எளிதாக நடந்துவிடுகிறது!

குலுக்கலின் வலிமை இங்கேதான். ஒரு நூறு பேரை நாணயம் சுண்டி இரண்டு குழுக்களாகப் பிரித்தால், ஏழையும் பணக்காரரும், தூங்கியவரும் தூங்காதவரும், நாம் பெயர்கூட வைக்காத இயல்புகளும் ஏறத்தாழச் சமமாக இரண்டு பக்கமும் விழும். எந்தெந்த மாறி குழப்பும் என்று முன்கூட்டியே தெரியாவிட்டாலும் இந்த முறை அவற்றைச் சமன் செய்யும். ஆய்வாளர் தாமே பார்த்துப் பார்த்துச் சமமாகப் பிரிப்பதைவிட நாணயம் மேல், ஏனென்றால் நாணயத்துக்கு ஆசை இல்லை.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துக்கொள்வது நல்லது. குலுக்கல் முறையில் குழு பிரிப்பது வேறு, குலுக்கல் முறையில் ஆள் தேர்ந்தெடுப்பது வேறு. முதலாவது, விளைவுக்குக் காரணம் இதுதான் என்று சொல்லும் உரிமையைத் தருகிறது. இரண்டாவது, இது எல்லா மனிதருக்கும் பொருந்தும் என்று சொல்லும் உரிமையைத் தருகிறது. உளவியல் முதலாவதில் கவனமாக இருந்து, இரண்டாவதில் நெடுங்காலம் அலட்சியமாக இருந்திருக்கிறது. 2003 முதல் 2007 வரை அமெரிக்காவின் முதன்மையான உளவியல் இதழ்கள் சிலவற்றை ஆராய்ந்தபோது, ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர் உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடு மட்டுமே வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தது. ‘மனிதர்கள் இப்படி நினைக்கிறார்கள்’ என்று தொடங்கும் எத்தனையோ வாக்கியங்களில் மதுரைக்காரரும் மட்டக்களப்புக்காரரும் சேர்க்கப்படவே இல்லை.

சாய்வு எந்த வழியாக வருகிறது

ஃபுங்ஸ்ட் கயிற்றைக் கண்டுபிடித்தார். கண்பட்டை கட்டி, கேட்பவரைப் பார்க்க முடியாமல் செய்தபோது குதிரை தடுமாறியது. அது அவரைப் பார்த்துத்தான் தட்டியது. கேள்வி கேட்டு முடித்ததும் கேட்பவர் காலடியைப் பார்க்கத் தம்மையறியாமல் சற்று முன்னால் குனிவார். குதிரை தட்டத் தொடங்கும். சரியான எண்ணிக்கை வந்ததும் அவர் மனத்தின் இறுக்கம் தளர்ந்து தலை கடுகளவு நிமிரும். குதிரை நிறுத்திவிடும். பூம்பூம் மாட்டுக்காரருக்குக் கயிறு தம் கையில் இருப்பது தெரியும். ஆஸ்டனுக்குத் தெரியாது. விடை தெரிந்த எவரிடமும் அந்தக் கயிறு இருந்தது, அதனால்தான் அவர் இல்லாதபோதும் குதிரை வென்றது.

பிறகு ஃபுங்ஸ்ட் தாமே குதிரையானார். ஓர் எண்ணை மனத்தில் நினைத்துக்கொள்ளச் சொல்லி, கேட்பவரின் தலையை மட்டும் பார்த்து, கையால் தட்டினார். 25 பேரில் 23 பேர் தங்களையறியாமல் அதே அசைவைக் காட்டிக்கொடுத்தார்கள். ஆஸ்டன் கடைசிவரை இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. 1909இல் இறந்தார்.

குதிரை மட்டுமா? ராபர்ட் ரோசென்தால் 1950களில் தம் முனைவர் பட்ட ஆய்வின் தரவைப் புரட்டியபோது அதிர்ந்துபோனார். சோதனை தொடங்கும் முன்பே, அவருடைய கருதுகோளுக்குச் சாதகமான திசையில் குழுக்கள் வேறுபட்டிருந்தன. தாமே அறியாமல் அவர்களை வெவ்வேறாக நடத்தியிருக்கலாம் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1963இல் கெர்மிட் ஃபோடுடன் சேர்ந்து இதையே சோதனையாக்கினார். 12 மாணவர்களுக்கு ஆளுக்கு ஐந்து எலிகள். பாதி மாணவர்களிடம், உங்கள் எலிகள் புதிர்ப்பாதையில் கெட்டிக்கார வம்சம் என்றார்கள். மீதிப் பேரிடம், மந்த வம்சம் என்றார்கள். எலிகள் எல்லாம் ஒரே வகை, பெயர்ச்சீட்டு மட்டும் குலுக்கலில் ஒட்டியது. ஐந்து நாள் முடிவில் ‘கெட்டிக்கார’ எலிகள் உண்மையிலேயே நன்றாகச் செய்தன. ‘மந்த’ எலிகள் கிளம்பவே மறுத்த தடவைகள் அதிகம். மாணவர்கள் தரவைத் திருத்தினார்கள் என்று சந்தேகிப்பது எளிது. ஆனால் பிறகு கேட்டபோது, கெட்டிக்கார எலிகள் கிடைத்ததாக நம்பியவர்கள் அவற்றை மென்மையாகக் கையாண்டதாகவும் அவற்றின் மீது தங்களுக்குப் பிரியம் இருந்ததாகவும் சொன்னார்கள். எதிர்பார்ப்பு கைவிரல்களின் வழியாக எலிக்குப் போயிருக்கிறது. வகுப்பில் ‘இவன் தேறமாட்டான்’ என்ற சீட்டு ஒட்டப்பட்ட பிள்ளைகளை நினைத்தால் மனம் கனக்கிறது.

சோதனைக்கு வருபவரும் சும்மா இருப்பதில்லை. மார்ட்டின் ஆர்ன் 1962இல் எழுதிய கட்டுரையில் ஒரு சின்னச் சோதனையைச் சொல்கிறார். தெரிந்தவர்களிடம், எனக்காக ஐந்து தண்டால் எடுங்கள் என்றால், ‘எதற்கு?’ என்று கேட்டார்கள். ஒரு சோதனைக்காக என்று சொல்லிவிட்டு அதையே கேட்டால், ‘எங்கே?’ என்று கேட்டார்கள். இன்னொரு தடவை, ஒரு தாளுக்கு 224 கூட்டல்கள் வீதம் 2,000 தாள்களைக் கொடுத்து, தொடருங்கள், திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஐந்தரை மணி நேரம் கழித்து, நிறுத்தச் சொல்ல வேண்டியவர் ஆய்வாளராகத்தான் இருந்தார். போட்ட கணக்கையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு மேலும் தொடரச் சொன்னாலும் பலர் தொடர்ந்தார்கள். ஏதோ பொறுமையைச் சோதிக்கிறார்கள் போலும் என்று தாங்களே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டார்கள். ஆய்வுக்கூடத்துக்குள் வரும் மனிதர் நல்ல பங்கேற்பாளராக இருக்க விரும்புகிறார். ஆய்வாளர் எதைத் தேடுகிறார் என்று மோப்பம் பிடித்து அதைக் கொடுக்க முயல்கிறார்.

இரண்டு பக்கமும் கயிறு இருந்தால் இரண்டையும் அறுக்க வேண்டும். யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பது பங்கேற்பவருக்கும் தெரியக்கூடாது, அவரை அளப்பவருக்கும் தெரியக்கூடாது. இதையே இருபக்க மறைப்பு என்கிறோம். மறைப்பு என்ற சொல் ஒரு காலத்தில் நேர்ப்பொருளிலேயே நடந்தது. 1784இல் பாரிஸில், மெஸ்மர் என்ற மருத்துவரின் ‘விலங்குக் காந்தம்’, நோயைத் தீர்ப்பதாகவும் ஆளை மயங்கச் செய்வதாகவும் நம்பப்பட்ட கண்ணுக்குத் தெரியாத ஆற்றல், உண்மையா என்று சோதிக்க பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ஃபிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்குக் காந்தம் ஏற்றிவிட்டு, பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கண்ணைக் கட்டி வேறு மரங்களிடம் கூட்டிப்போனார்கள். நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். அது காந்தம் ஏற்றாத மரம். அவன் நடிக்கவில்லை. மயக்கம் உண்மை, காரணம்தான் வேறு.

இதெல்லாம் பழங்கதை என்று விட முடியாது. 1996இல் ஜான் பார்கும் சக ஆய்வாளர்களும் ஒரு புகழ்பெற்ற முடிவை வெளியிட்டார்கள். முதுமையைக் குறிக்கும் சொற்களை வைத்து வாக்கியம் அமைத்த இளைஞர்கள், வெளியே போகும்போது நடைகூடத்தில் மெதுவாக நடந்தார்களாம். 2012இல் பிரஸ்ஸல்ஸில் ஸ்டெஃபான் டோயனும் சக ஆய்வாளர்களும் இதை மீண்டும் செய்தார்கள். கையில் கடிகாரம் பிடிப்பதற்குப் பதிலாக அகச்சிவப்புக் கதிர்கள் நடையை அளந்தன. 120 பேர். வேறுபாடு இல்லை. அத்தோடு அவர்கள் நிற்கவில்லை. இரண்டாவது சோதனையில் பத்து ஆய்வாளர்களை அமர்த்தி, பாதிப் பேரிடம் பங்கேற்பவர்கள் மெதுவாக நடப்பார்கள் என்றும், பாதிப் பேரிடம் வேகமாக நடப்பார்கள் என்றும் சொல்லிவைத்தார்கள். மெதுவாக நடப்பார்கள் என்று நம்பிய ஆய்வாளர்களிடம் வந்தவர்கள் மட்டுமே மெதுவாக நடந்தார்கள். பெர்லின் முற்றத்திலிருந்து நூற்றெட்டு ஆண்டு கடந்தும் அதே தலையசைவு.

தரவு வந்த பிறகு

எல்லா மறைப்பும் சரியாகச் செய்து முடித்த பிறகும் ஒரு வாசல் திறந்தே கிடக்கிறது, அது ஆய்வாளரின் மேசை. எத்தனை பேரோடு நிறுத்துவது, யாரைக் கணக்கிலிருந்து விலக்குவது, எந்த அளவையை அறிக்கையில் சொல்வது என்று நூறு சிறு முடிவுகள் அங்கே எடுக்கப்படுகின்றன. 2011இல் ஜோசப் சிம்மன்ஸ், லெய்ஃப் நெல்சன், யூரி சைமன்சன் மூவரும் இதை மறக்க முடியாதபடி காட்டினார்கள். மாணவர்கள் சிலருக்கு வயதாவதைப் பற்றிய ஒரு பீட்டில்ஸ் பாடலைப் போட்டுக் காட்டினார்கள், மற்றவர்களுக்கு வேறொரு இசையை. பிறகு பிறந்த தேதியைக் கேட்டார்கள். பங்கேற்பவரின் தந்தையின் வயதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, பாட்டுக் கேட்டவர்கள் சராசரியாக ஏறத்தாழ ஒன்றரை வயது இளையவர்களாகிவிட்டார்கள். 21.5க்கு எதிராக 20.1. புள்ளியியல் விதிப்படி இது ‘குறிப்பிடத்தக்க’ முடிவு, அதாவது வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாதது. பாட்டுக் கேட்டு வயது குறைய முடியாது என்பதால்தான் இந்த உதாரணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் எண்ணை மாற்றவில்லை. பல அளவைகள் எடுத்துச் சிலவற்றை மட்டும் சொன்னார்கள், ஒரு குழுவை அறிக்கையிலிருந்து விட்டார்கள், தரவு சேரச் சேர எட்டிப் பார்த்து வசதியான இடத்தில் நிறுத்தினார்கள். துறையில் பலரும் குற்ற உணர்ச்சியின்றிச் செய்துவந்தவை இவை. இத்தகைய நான்கு சலுகைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டால், இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு, 5 விழுக்காடு என்று நாம் நம்புவது, 61 விழுக்காடாக உயரும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2015இல், பெரிய ஆய்வாளர் கூட்டமைப்பு ஒன்று மூன்று முன்னணி இதழ்களிலிருந்து நூறு உளவியல் ஆய்வுகளை எடுத்து மீண்டும் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு ‘குறிப்பிடத்தக்க’ முடிவைச் சொல்லியிருந்தன. மறுசோதனையில் 36 விழுக்காடே அப்படி வந்தன. மீதியெல்லாம் பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு மறுசோதனையும் தவறலாம். ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாக வராது.

துறை இதற்குக் கண்டுபிடித்த மருந்து, ஃபுங்ஸ்ட் செய்ததன் நீட்சிதான். கருதுகோள், மாறிகள், ஆட்களின் எண்ணிக்கை, கணக்கிடும் முறை எல்லாவற்றையும் தரவு சேர்ப்பதற்கு முன்பே எழுதித் தேதியிட்டுப் பொதுவில் வைத்துவிட வேண்டும். முன்பதிவு என்று பெயர். இதன் இன்னொரு படி, 2013இல் ‘கார்டெக்ஸ்’ இதழ் தொடங்கிவைத்த பதிவு செய்யப்பட்ட அறிக்கை முறை. இதழ் திட்டத்தை மட்டும் படித்துப் பார்த்து, கேள்வியும் முறையும் நன்றாக இருந்தால், முடிவு எதுவானாலும் வெளியிடுகிறேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும். கருதுகோள் வென்றால்தான் கட்டுரை, கட்டுரை வந்தால்தான் வேலை என்ற கயிறு அங்கே அறுகிறது.

எவ்வளவு அறுகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். 2021இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், வழக்கமான முறையில் வந்த உளவியல் கட்டுரைகளில் 96 விழுக்காட்டில் முதல் கருதுகோள் வென்றிருந்தது. பதிவு செய்யப்பட்ட அறிக்கைகளில் வென்றது 44 விழுக்காடு. எலிச் சோதனை நடத்திய அதே ரோசென்தால், விளைவு இல்லை என்று வந்த ஆய்வுகள் ஆய்வாளர்களின் மேசை இழுப்பறைகளிலேயே தங்கிவிடுகின்றன என்று 1979இல் எழுதினார். எத்தனை கிடக்கின்றன என்று அப்போது யாராலும் எண்ண முடியவில்லை. அச்சில் வந்திருக்கும் அந்த மீதி 56 விழுக்காடு, ஒரு காலத்தில் அந்த இழுப்பறைக்குள் போயிருக்க வேண்டியவை.